கமலாம்பிகை மாட்டுக்காரர் ஊருக்குப் போன கதை

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்து வெக்ஸ்போர்ட்டில், பெரிய வீதிக்குப் பின்னால் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும் அந்தத் தொடர்வீடுகளில் யாராவது சூட்கேசை உருட்டினால் போதும். சக்கரச் சத்தம் அடங்குமுன் எல்லா வீட்டுத் திரைச்சீலைகளும் ஒருதரம் அசைந்து நிற்கும். போகிறவர் எங்கே போகிறார், யார் செலவில் போகிறார், ஏன் நமக்குச் சொல்லவில்லை என்பவை தெரியாமல் அங்கே ஒருவருக்கும் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, ஐம்பத்தெட்டு வயதுக் கமலாம்பிகை, கலியாணம் கட்டி முப்பது வருடம் ஆனதைக் கொண்டாடப் புருசனோடு ஹவாய்க் கடற்கரைக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்லுவாள்?

ரிக்கெற் போட்டது மகன் ராகுலன். "அம்மா, யூ நெவர் டேக் எ பிரேக். சும்மா போய் ரெண்டு பேரும் படுத்துக் கிடவுங்கோ" என்றான். படுத்துக் கிடக்கவா அவ்வளவு தூரம்? கமலாம்பிகைக்குக் காது சுட்டது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வழி பிறந்தது. ஹவாயில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. பச்சை மலைக்கு நடுவில் வெள்ளைக் கல்லுக் கோயில். தொலைபேசியில் வீடியோவாகச் சுற்றியது, எல்லோரும் பார்த்ததுதான். கோயிலுக்குப் போவதென்றால் எந்தத் திரைச்சீலையும் பல்லைக் காட்டாது.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. போகத்தான் நினைத்தாள்.

அவளுக்கு வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் தொழிற்சாலையில். விடியப்புறம் ஆள் ஏற்றும் வான் வந்து சந்தியில் ஹோர்ன் அடிக்கும். வெக்ஸ்போர்ட்டில் இருந்தும் அஜின்கோர்ட்டில் இருந்தும் பெண்கள் அரை நித்திரையில் ஏறி, யன்னலில் தலையைச் சாய்த்து, விமான நிலையத்து வெளிச்சம் கண்ணில் குத்தும்போது எழும்புவார்கள். உள்ளே குளிரறை. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே இரண்டு சுவெற்றர், தலையில் வலைத்தொப்பி. பெல்ற்றில் தட்டங்கள் ஊர்ந்து வரும். ஒருத்தி பாண் வைப்பாள், ஒருத்தி வெண்ணெய், ஒருத்தி சலாட். கமலாம்பிகை கரண்டிப் பொட்டலம். அவளுக்கு அடுத்து நிற்கும் நிலாணி மூடி போட்டு அனுப்புவாள். அவர்கள் அடுக்கியதை வானத்தில் யார் யாரோ தின்பார்கள். தானும் ஒருநாள் மேலே இருந்து அதைத் தின்னப் போகிறாள் என்பதே கமலாம்பிகைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"மெய்யே அக்கா, ஹவாயோ போறியள்?" பாண் வைக்கிற கிளடிஸ் பெல்ற்றுக்கு மேலால் கத்தினாள். மன்னார்க்காரி, சத்தம் குறைத்துப் பேசத் தெரியாது.

"கோயிலுக்கடி. கனநாளாய் நினைச்சிருந்தது."

"கோயிலுக்கு அண்ணை கட்டைக் காற்சட்டை வாங்கினவராம். நேற்றுக் கடையிலை கண்டனான். பூப்போட்ட சேட்டும்."

"அங்கை வெக்கை."

"எங்கடை சேர்ச்சுக்கு உப்பிடிப் போனால் பாதர் வாசலிலை நிண்டு கலைப்பார். உங்கடை சிவன் நல்லவர். அவரே புலித்தோலோடை நிக்கிறவர், பூச்சேட்டை ஒண்டும் சொல்லார். சரி, எனக்கும் ஒண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. முழங்கால் உளைவு. மாதாவுக்குச் சொல்லாதேங்கோ."

பெண்கள் சிரித்தார்கள். நிலாணி மட்டும் சிரிக்கவில்லை. மூடியை அமத்திக்கொண்டே கமலாம்பிகையை ஒருமாதிரிப் பார்த்தாள். முப்பத்தாறு வயது; மூன்று வருடமாகப் பக்கத்தில் நிற்கிறவள்; கமலாம்பிகைக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய கரண்டியையும் சேர்த்துப் பார்க்கிறவள். அவள் புருசன் ஜனார்த்தன் மொன்றியலுக்கு ரக் ஓட்டுகிறவன். சலரோகம், அந்தச் சீனி வருத்தம், கண்ணுக்கு ஏறி, வலது கண்ணுக்குள் கறுப்பு நூல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். டொக்டர் கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்றிருந்தார்.

அன்று பின்னேரம் புருசனும் பெண்சாதியுமாகக் கமலாம்பிகை வீட்டுக்கு வந்தார்கள். நிலாணி மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். அவிழ்க்காமலே கமலாம்பிகைக்குத் தெரிந்தது. கண்மடல். வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒருசோடிக் கண். கண்ணில் வருத்தம் என்றால் நேர்ந்து கோயிலில் வைக்கிறது.

"அன்ரி, மூண்டு நாள் விரதம் இருந்து வாங்கினனான். அந்த ஐயர்மாரிட்டைக் குடுத்து, ஜனார்த்தன், உத்தரட்டாதி எண்டு சொல்லி வையுங்கோ. இஞ்சத்தைக் கோயிலிலை வைக்கலாம்தான். ஆனால் அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய் வைக்கிறதெண்டால் கேக்காமல் இருப்பாரோ?"

"லோங் டிஸ்ரன்ஸ் கோலுக்குத்தான் ஆன்சர் பண்ணுவார் எண்டு இவள் நினைக்கிறாள்" என்றான் ஜனார்த்தன். பகிடி விட்டானே ஒழிய, தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போது மேசை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துத்தான் வைத்தான். அதைக் கமலாம்பிகை கண்டாள்.

"நான் என்ரை கையாலை வைப்பன் பிள்ளை" என்றாள்.

இனித்தான் தீவுக்காரன் செய்த வேலை வருகிறது.

கமலாம்பிகையின் புருசன் ஸ்ரீதரன் யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் பிறந்தவர். தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியது ஊரைப் பற்றிய பெருமை மட்டும்தான். ராகுலன் ரிக்கெற் போட்டது ஹவாயின் பெரிய தீவுக்கு. கோயில் இருப்பது வேறு தீவில். அதைக் கமலாம்பிகை போகமுன்னமே கேட்டாள்.

"தீவுக்காரனுக்குத் தீவைப் பற்றிச் சொல்லித் தாறீரோ?" என்றார் ஸ்ரீதரன். "குறிகட்டுவானிலை வள்ளம் ஏறினால் நயினாதீவு. பதினைஞ்சு நிமிசம். நெடுந்தீவெண்டால் ஒரு மணித்தியாலம். தீவெண்டால் வள்ளம் இருக்கும். காலமை வெளிக்கிட்டால் மத்தியானப் பூசை பார்த்திட்டுப் பின்னேரம் திரும்பலாம்."

ஹோட்டலில் போய் இறங்கியதும் முதல் வேலையாக, வரவேற்பில் நின்ற பிள்ளையிடம் கோயில் தீவுக்கு வள்ளம் எங்கே எடுப்பது என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரிக்கக்கூடாது என்று பாடுபட்டது. வள்ளமும் இல்லை, கப்பலும் இல்லை; விமானத்தில்தான் போகவேண்டும், அதுவும் நடுவில் ஒரு தீவில் மாறி ஏறவேண்டிவரும் என்றது. ஸ்ரீதரன் பூச்சேட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இது என்ன தீவு?" என்றார் கடைசியில்.

அப்படியென்றாலும் போயிருக்கலாம். அதுதான் பின்னர் கமலாம்பிகையை அரித்தது. விடிய ஒரு விமானம் இருந்தது. நாளைக்குப் போவோம் என்றுதான் படுத்தாள். பருத்த மெத்தை, யன்னலுக்கு வெளியே கடல் இரைச்சல். வருடக்கணக்காக வானின் ஹோர்னுக்கு எழும்பிய உடம்பு, ஹோர்ன் இல்லை என்று அறிந்ததும் கல்லுப்போலக் கிடந்தது. எழும்பியபோது வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. "நாளைக்கு" என்றாள். மறுநாளும் வெயில் வந்துதான் எழுப்பியது. யாரோ சுட்ட பாணை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பிட்ட தட்டத்தை யாரோ எடுத்துப் போனார்கள். கடற்கரையில் கதிரையைச் சாய்த்துப் போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி, வெயில் காய்ந்தாள். கைப்பைக்குள் கண்மடல் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டு "நாளைக்கு" என்று சொன்னாள். இப்படியே நாட்கள் தேய்ந்து, திரும்ப ஒரே ஒரு பகல்தான் மிச்சமிருந்தது. அன்றைய விமானத்தில் இடமில்லை.

"அழுது என்னத்துக்கு?" என்றார் ஸ்ரீதரன். "மேலை மலையிலை மாட்டுக்காரர் ஊர் ஒண்டு இருக்காம். குதிரையிலை ஏறி மாடு மேய்க்கிறவங்கள். வாரும், அதையாவது பாத்திட்டு வருவம்."

"நேர்த்திக்கு வந்திட்டு மாடு பாக்கிறதோ?"

"மாடும் சிவன்ரை வாகனந்தானே."

அதைக் கேட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

கரையில் எரித்த வெயில் மலை ஏற ஏறச் செத்துப்போனது. கறுத்த எரிமலைக் கல்லு முடிந்து புல்லுத் தொடங்கியது. பிறகு புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. மேடும் பள்ளமுமாக, யாரோ பச்சைப் பாயை உதறி விரித்ததுபோல. மழை என்று சொல்லமுடியாத ஒரு தூறல் பக்கவாட்டில் பறந்து வந்து முகத்தில் ஒட்டியது. வைமேயா என்ற அந்த ஊரில் இறங்கியதும் கமலாம்பிகைக்குக் குளிர்ந்தது. ஹவாயில் குளிரும் என்று யார் கண்டது? சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்தாள்.

ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட பலகைக் கடைகள். ஒரு கடை வாசலில் பழைய சப்பாத்துகளில் மண் நிரப்பிப் பூக்கன்று நட்டிருந்தார்கள். இன்னொன்றில் குதிரைச் சேணங்கள் தொங்கின; தோலும் எண்ணெயும் மணத்தன. சேணம் தைத்துக்கொண்டிருந்த கிழவர் ஊசியை வாயில் கவ்வியபடியே தலையசைத்தார். முகம் பார்த்தால் நம்முடைய ஆள் போலவே கறுப்பு. அவருடைய பூட்டனார் காலத்தில், மாடு பிடிக்கத் தெரிந்தவர்களை மெக்சிகோப் பக்கம் இருந்து கப்பலில் கூட்டிவந்து, இந்த ஊர்ப் பெடியளுக்குக் கயிறு எறியப் பழக்கினார்களாம். ஸ்ரீதரன் கிழவரோடு தனக்குத் தெரிந்த அரைவாசி ஆங்கிலத்தில் மாட்டைப் பற்றிக் கதை தொடங்கிவிட்டார். வேலணையில் தகப்பனார் வைத்திருந்த நாம்பனுக்கு மூக்கணாங்கயிறு குத்திய கதை. கிழவரும் விளங்கியதோ இல்லையோ, தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி ஸ்ரீதரனின் தலையில் வைத்தார்.

வேலியோரம் இரண்டு பெடியன்கள் குதிரையில் நின்று மாடுகளைத் திருப்பினார்கள். கத்தவில்லை, அடிக்கவில்லை. வாயால் ஒரு சின்னச் சத்தம். குதிரை இரண்டு அடி விலகும். முழு மந்தையும் தண்ணீர் வழிந்ததுபோல மறுபக்கம் போனது. கமலாம்பிகை ஈரப் புல்லில் நின்று வாயைத் திறந்து பார்த்தாள். பெல்ற் இல்லை, மணி இல்லை. வேலை என்பது இப்படியும் இருக்குமா?

பசித்தது. மூலையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கண்ணாடி ஆவியால் மூடியிருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெட்டை, "வாங்கோ ஆன்ரி, நனைஞ்சிட்டியளே" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னாள். ஆன்ரி! அந்த ஊரில் வயசான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முன்பின் தெரியாத மலையில், மழைக்குள், ஒரு பிள்ளை ஆன்ரி என்று கூப்பிட்டதும் கமலாம்பிகைக்கு உள்ளே ஏதோ இளகியது. அந்தப் பிள்ளை கேட்காமலே ஒரு தட்டம் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கரண்டி வெள்ளைச் சோறு. மேலே ஆவி பறக்கும் தடித்த குழம்பு. உருளைக்கிழங்கு, கரட், பஞ்சுபோல வெந்த இறைச்சி. ஒரு கிழமையாகச் சோறு காணாத வாய். மற்ற வீடுகளில் என்ன வழக்கமோ, கமலாம்பிகை பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஆடும் கோழியும் உண்டு. மாட்டிறைச்சி படலைக்குள் வராது. அதுவும் நேர்த்திப் பயணம் என்று மச்ச மாமிசமே தொடாமல் இருந்தவள். ஒருவாய் வைத்தாள். பிறகு அவள் ஒன்றும் யோசிக்கவில்லை.

"ஆட்டிறைச்சி நல்லாய் வெந்திருக்கு, என்னப்பா? விரதம்தான் போச்சுது" என்றாள் இரண்டாம் தட்டத்தில்.

ஸ்ரீதரன் தொப்பியைச் சரிசெய்தார். "சாப்பிடும்."

"என்ன, ஆடுதானே?"

"இந்த மலையிலை எங்கையாவது ஆட்டைக் கண்டனீரோ?"

கரண்டி வாய்க்கும் தட்டத்துக்கும் நடுவில் நின்றது. ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மந்தை மங்கலாக நகர்ந்தது. கைப்பை மடியில் இருந்தது. கைப்பைக்குள் மஞ்சள் துணி. அந்தப் பெட்டை வந்து, "நல்லாயிருக்கோ ஆன்ரி?" என்று கேட்டாள். கமலாம்பிகை ஓம் என்று தலையாட்டினாள். மிச்சத்தையும் சாப்பிட்டாள். அதைத்தான் அவளால் பிறகு தனக்கே விளங்கப்படுத்த முடியவில்லை. துப்பவில்லை, எழும்பி ஓடவில்லை. ருசியாக இருந்தது. சாப்பிட்டு முடித்தாள்.

ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது பனி பாதி உருகி, வீதியோரமெல்லாம் சாம்பல் நிறச் சேறு. வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறக்கவில்லை, மணி அடித்தது. நிலாணி. ஒரு கையில் இடியப்பப் பெட்டி, மற்றக் கையில் சொதிச் சட்டி. களைத்து வந்திருப்பீர்கள், சமைக்கவேண்டாம் என்றாள். சட்டியை வைத்ததும் கமலாம்பிகையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வைச்சிட்டியளோ அன்ரி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொதியில் இருந்து பாலும் கறிவேப்பிலையும் மணத்தது. பிடித்த கையை நிலாணி விடவில்லை.

"ஓம் பிள்ளை" என்றாள்.

ஒரு ஓம் போட்டால் அது தனியே நிற்காது, குட்டி போடும். ஐயர் என்ன சொன்னார்? நல்லாய் வரும் எண்டவர். கோயில் எப்படி? வெள்ளைக் கல்லு, மழைத் தூறல், ஒரே பச்சை. தூறலும் பச்சையும் மட்டும் அவள் கண்டது. மிச்சம் வீடியோவில் பார்த்தது. திருநீறு? அதற்கும் உள்ளே போய், சாமி அறைச் செம்பில் இருந்த பழைய திருநீற்றைப் பிளாஸ்ரிக் பையில் கொட்டிக்கொண்டு வந்தாள். அது ஸ்காபரோத் திருநீறு. நிலாணி அதைக் கண்ணில் ஒற்றினாள்.

கண்மடலைச் சாமி அறையில் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மாடு தின்ற கை. நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால், சவர்க்காரத் தூள் பெட்டிகளுக்கு நடுவில் ஒளித்தாள்.

அப்படியே மூடியிருந்தால் இது அயலுக்குச் சொன்ன ஒரு சின்னப் பொய்யாகவே முடிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை பெல்ற்றில் மூடியை அமத்திக்கொண்டு நிலாணி சொன்னாள்:

"அன்ரி, ஊசியைக் கான்சல் பண்ணிப்போட்டார்."

"ஆர்?"

"இவர்தான். திங்கக்கிழமை போட இருந்தது. அவருக்குப் பயம் அன்ரி. கண்ணுக்குள்ளை ஊசி எண்டதும் வேர்க்குது. ஆனால் வெளியிலை சொல்லமாட்டார். நேர்த்தி போய்ச் சேர்ந்திட்டுது, நூலும் குறைஞ்ச மாதிரிக் கிடக்குது, கொஞ்சநாள் பாப்பம் எண்டுறார்."

"நீ விட்டனியோ?"

"நான் என்னத்தைச் சொல்ல? நேர்ந்தது நான்தானே. இப்ப ஊசி போடு எண்டால், அப்ப உனக்கே நம்பிக்கை இல்லையோ எண்டு கேக்கிறார்."

கமலாம்பிகை அன்று முழுக்கத் தட்டத்தைப் பார்த்தபடியே கரண்டி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஸ்ரீதரனிடம் சொன்னாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "டொக்டர் என்ன சொன்னவராம்?"

"போடாட்டில் கண்ணுக்குள்ளை ரத்தம் கசிஞ்சு, ஒருநாள் திடீரெண்டு இருட்டிப்போமாம். ரக்கிலை இருக்கேக்கை இருட்டினால்?"

"அப்ப போய்ச் சொல்லும்."

"எப்பிடிச் சொல்ல? நீங்கள் வாங்கோ. வள்ளக் கதை உங்கடைதானே."

"வள்ளம் என்ரை பிழை" என்றார் ஸ்ரீதரன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழும்பினார். "நித்திரை கொண்டது நீர்."

முப்பது வருடத்தில் அந்த மனிசன் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று. சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவரும் கூடத்தான் வந்தார்.

நிலாணி வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. உள்ளே போனதும் போகாததுமாக நிலாணி கட்டைச் சம்பல் இடித்த கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். ஜனார்த்தன் சோபாவில் இருந்து எழும்பினான். வலதுபக்கம் நின்ற ஸ்ரீதரனை அவன் முதலில் காணவில்லை.

"வாங்கோ வாங்கோ. என்ன அன்ரி, அடுத்தது காசியோ?"

கமலாம்பிகை கதிரையில் இருக்கவில்லை. மஞ்சள் துணியை மேசையில் வைத்தாள். துணியில் சவர்க்காரத் தூள் மணத்தது.

நிலாணி முடிச்சைப் பார்த்தாள். அவள் கட்டிய முடிச்சு, யாரும் அவிழ்க்காதது.

"நான் போகேல்லை பிள்ளை" என்றாள் கமலாம்பிகை. "அது வேறை தீவு. வள்ளம் இல்லை."

"அப்ப... ஐயரிட்டைக் குடுத்தது?"

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. கோயிலைக் காணவே இல்லை. திருநீறும் எங்கடை வீட்டுத் திருநீறு."

கிழங்குச் சட்டியின் மூடி தாளம் போட்டது. ஒருவரும் போய் அடுப்பைக் குறைக்கவில்லை.

"பிளேன் இருந்ததெல்லே அன்ரி?" ஜனார்த்தன்தான் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை; பாதை விசாரிக்கிற ரக்குக்காரன் மாதிரிக் கேட்டான்.

"இருந்தது."

"பிறகு?"

ஸ்ரீதரன் தொண்டையைச் செருமினார். "பிழை என்னிலைதான் தம்பி, நான்தான்..."

"நீங்கள் பேசாதேங்கோ" என்றாள் கமலாம்பிகை. "நான் நித்திரை கொண்டிட்டன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு எண்டு. ஆறுதலாய்க் கிடந்திட்டன், தம்பி."

"கடைசி நாள்?"

"கடைசி நாள் மாட்டுக்காரர் ஊருக்குப் போனம்."

"என்ன ஊர்?"

"மலையிலை. குதிரையிலை ஏறி மாடு மேய்க்கிற ஊர்."

ஜனார்த்தன் அவளைப் பார்த்தான், ஸ்ரீதரனைப் பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். "என்ரை கண் மாடு பாக்கப் போயிட்டு வந்திருக்குது, நிலாணி!" அவன் ஏசியிருந்தால் கமலாம்பிகை தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்புக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறைச்சிக் கதையும் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். அதை இவர்களுக்குச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்று தனக்குச் சொன்னாள். அதுவும் தனக்கு வசதியான காரணம் என்பது தெரிந்துதான் சொன்னாள்.

நிலாணி சிரிக்கவில்லை. "நான் அந்தத் திருநீற்றை ஒவ்வொரு நாளும் இவரின்ரை கண்ணிலை பூசினனான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"தம்பி," கமலாம்பிகை நிமிர்ந்தாள். "ஒண்டும் போய்ச் சேரேல்லை. உங்கடை கண்ணுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. நூல் குறைஞ்சதெண்டு நீங்கள் நினைக்கிறது பொய். ஊசியைப் போடுங்கோ. என்னை எப்பிடியும் ஏசுங்கோ. ஊசியைப் போடுங்கோ."

சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. அடியில் இருந்தது வெறும் பயம். பெரிய மனிசன், பதினெட்டுச் சில்லு ரக்கை உறைபனியில் ஓட்டுகிறவன், சின்னப்பிள்ளை மாதிரிக் கையைப் பிசைந்தான்.

"கண்ணைத் திறந்து வைச்சிருக்க ஒரு கிளிப் போடுவாங்களாம் அன்ரி" என்றான்.

"போடட்டும்."

"ஊசி வாறது தெரியுமாம்."

"நானும் வாறன். வெளியிலை இருப்பன்."

"வேண்டாம்" என்றாள் நிலாணி. "நான் கூட்டிக்கொண்டு போவன்." மேசையில் கிடந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிழங்கு அடிப்பிடித்த மணம் வந்தது. சாப்பிட்டுப் போங்கள் என்று அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவரும் சொல்லவில்லை.

ஊசி போட்டாயிற்று. கமலாம்பிகை அதைக் கிளடிசின் வாயால்தான் அறிந்தாள். நோகவில்லையாம், சும்மா பயந்தாராம்; இன்னும் ஐந்தாறு போடவேண்டுமாம்; கண் தப்பும் என்றார்களாம். நிலாணி இரண்டு கிழமை இரவு வேலைக்கு மாறி நின்றாள். கமலாம்பிகையின் பக்கத்தில் பஞ்சாபிப் பிள்ளை ஒன்று மூடி போட்டது.

அந்த இரண்டு கிழமையும் கமலாம்பிகை காத்திருந்தாள். இன்றைக்கு வானில் ஏறும்போது பேச்சு நிற்கும், நாளைக்குத் திரைச்சீலை அசையும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சந்தித்தவர்கள் எல்லோரும் கோயிலைப் பற்றியே கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தொடர்வீடுகளில், கேட்டதை இரவு தாண்ட விடாத அந்த இடத்தில், நிலாணி ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. இது எப்படிச் சாத்தியம் என்று கமலாம்பிகைக்கு விளங்கவில்லை. ஏசித் தீர்த்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும்.

மூன்றாம் கிழமை நிலாணி பகல் வேலைக்குத் திரும்பி வந்தாள். வந்து தன் இடத்தில், கமலாம்பிகைக்குப் பக்கத்தில் நின்றாள். "வாங்கோ பிள்ளை" என்றதற்குத் தலையை அசைத்தாள். பெல்ற் ஓடத் தொடங்கியது. தட்டம், பாண், வெண்ணெய், சலாட், கரண்டி, மூடி.

"அக்கா!" அங்கிருந்து கிளடிஸ் கத்தினாள். "என்ரை முழங்காலுக்குச் சொன்னனீங்களோ இல்லையோ? ஒரு சுகத்தையும் காணேல்லை. அந்தக் கோயில் மெய்யாய் எப்பிடி? எங்கடை அவரும் போகோணும் எண்டுறார். நேர்த்தி வைச்சால் கேக்குமோ?"

கமலாம்பிகை கையில் எடுத்த கரண்டிப் பொட்டலத்தோடு நின்றாள்.

நிலாணி மூடியை அமத்தினாள். "அன்ரி போனவா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "என்ரை நேர்த்தியைக் கொண்டுபோய் வைச்சவா. நல்ல கோயிலாம். வெள்ளைக் கல்லு. மலையிலை தூறல் தூறுமாம். ஆனால் தூரம். பிளேன் மாறி ஏறோணும். நீங்கள் முதல் முழங்காலை டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"ஓ, அப்பிடியே? கேட்டியளோடி, கமலம் அக்கா குடுத்துவைச்சவா!"

கோயிலைப் பற்றிச் சொன்னதெல்லாம் கமலாம்பிகை அன்றைக்குச் சொன்ன பொய். சொல்லுக்குச் சொல் அதே பொய். நிலாணி ஒருதரமும் அவள் பக்கம் திரும்பவில்லை. குரலில் குத்தல் இல்லை, குழைவும் இல்லை. மூடிக்கு மேல் மூடியாக அமத்திக்கொண்டே போனாள்.

பெல்ற் திடீரென்று நின்றது. கடைசியில் சரிபார்க்கிறவர் கையை உயர்த்தியிருந்தார். மேற்பார்வைக்காரர் நடந்து வந்து ஒரு மூடியைக் கழற்றினார், அடுத்ததைக் கழற்றினார், அடுத்ததை. ஒரு வரிசைத் தட்டத்தில் கரண்டிப் பொட்டலம் இல்லை. இது யாருடைய வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோருக்கும் தெரியும். என்றாலும் கிளடிஸ்கூட வாயை மூடிக்கொண்டாள்.

"நான்" என்றாள் கமலாம்பிகை.

பெல்ற் நின்ற அமைதியில் அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டது. கையுறையைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்துபோனாள். அங்கிருந்து நிலாணி அமத்திய மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள்.